கம்மி விலை டிவியா, காஸ்ட்லி டிவியா? நம்ம காசு எங்க போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கலாம்

போன மாசம் வில்லிவாக்கத்துல இருக்குற எங்க சித்தப்பா வீட்டு டிவி திடீர்னு இருட்டாயிடுச்சு. சத்தம் மட்டும் வருது, சீரியல் டயலாக் எல்லாம் தெளிவா கேக்குது, ஸ்கிரீன்ல ஒன்னும் இல்ல. மெக்கானிக் வந்தாரு, ஹால் லைட்டை ஆஃப் பண்ண சொன்னாரு, மொபைல்ல டார்ச்சைப் போட்டு ஸ்கிரீனை ஒட்டினாப்புல சாய்ச்சுப் புடிச்சாரு. டார்ச் வெளிச்சம் விழுந்த உள்ளங்கை அளவு வட்டத்துக்குள்ள மட்டும் மங்கலா ஒரு பொண்ணோட மூஞ்சி தெரிஞ்சுது, டார்ச்சை நகத்துனா பக்கத்துல நிக்குற மாமியார் தெரியுறாங்க. "படம் ஓடிட்டுதான் இருக்கு சார், பின்னாடி லைட்டுதான் போயிடுச்சு"ன்னாரு.

அந்த டார்ச் வட்டத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. டிவிக்கு 25 ஆயிரம் குடுக்கலாமா, 75 ஆயிரம் குடுக்கலாமாங்குற கேள்விக்கு பாதி பதில் அதுலதான் இருக்கு.

நாம எல்இடி டிவின்னு சொல்றது எல்லாமே அடிப்படையில எல்சிடிதான். முன்னாடி இருக்குற பேனலுக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது. அதுல லட்சக்கணக்கான குட்டிக் குட்டி ஜன்னல் கதவு இருக்குன்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு கதவும் கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும், அவ்ளோதான். பின்னாடி எரியுற எல்இடி லைட்டு அந்தக் கதவு வழியா வந்தாதான் நமக்குப் படம். கதவை எவ்ளோ இறுக்கி மூடினாலும் இடுக்குல கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதனாலதான் ராத்திரி சீன்ல கருப்பா இருக்க வேண்டிய வானம் சாம்பல் கலர்ல தெரியுது.

கம்மி விலை டிவில பின்னாடி இருக்குற லைட்டு எல்லாத்துக்கும் சேத்து ஒரே சுவிட்ச். வீட்டுல ஒரு ரூம்ல படிக்கணும்னா மொத்த வீட்டு லைட்டையும் போட்டே ஆகணும்னா எப்படி இருக்கும், அப்படித்தான். இருட்டான வானத்துல நிலா மட்டும் பளிச்சுன்னு தெரியணும்னாலும் மொத்த லைட்டும் எரியும், வானமும் சேந்து வெளுத்துடும். விலை கொஞ்சம் ஏற ஏற அந்த லைட்டைப் பகுதி பகுதியா பிரிச்சு ரூமுக்கு ஒரு சுவிட்ச் குடுக்குறாங்க, இதுக்குப் பேருதான் லோக்கல் டிம்மிங். மினி எல்இடின்னு இப்ப விளம்பரம் பண்றாங்களே, அது லைட்டை ரொம்ப சின்னதாக்கி நிறைய பகுதியா பிரிச்சது, மாடலைப் பொறுத்து சில நூறு பகுதில இருந்து ஆயிரத்துக்கு மேல வரைக்கும் போகும். ஓலெட் டிவில பின்னாடி லைட்டே கிடையாது, 4கே ஸ்கிரீன்ல இருக்குற கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளியும் தனித்தனியா தானே எரியும், தானே அணையும். கருப்புன்னா சுத்தக் கருப்பு.

ஆக காசு கூடக்கூட நீங்க முக்கியமா வாங்குறது வெளிச்சத்தையும் அந்த வெளிச்சத்தை அடக்கி ஆள்ற திறமையையும்தான். 4கே, ஸ்மார்ட், வாய்ஸ் ரிமோட், டால்பி ஸ்டிக்கர் எல்லாம் இப்ப 25 ஆயிரம் ரூபா டிவிலயே வந்துடுது, அதுக்காக யாரும் கூடக் காசு குடுக்க வேண்டியதில்ல.

கடைல நம்மளக் குழப்புற பேரு ஒன்னு இருக்கு, கியூலெட். ஓலெட் மாதிரியே காதுல விழும், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கியூலெட்ங்குறது அதே எல்சிடி, அதே பின்னாடி லைட்டு, நடுவுல குவாண்டம் டாட்னு ஒரு ஃபிலிம் சேத்திருப்பாங்க, அதனால கலர் இன்னும் செழிப்பா வரும். பட்டுப்புடவை சிவப்பு, மாந்தளிர் பச்சை எல்லாம் வித்தியாசம் நல்லாவே தெரியும், நான் குறை சொல்லல. ஆனா பின்னாடி லைட்டுக்கு ஒரே சுவிட்ச்தான்னா இருட்டு சீன் அதே சாம்பல்தான். அதனால "கியூலெட்டா?"ன்னு கேக்குறதோட நிறுத்தாம "லோக்கல் டிம்மிங் இருக்கா, எத்தனை ஜோன்?"னு கேளுங்க, ஜோன்ங்குறது நான் சொன்ன அந்தப் பகுதிதான்.

எச்டிஆர்னு ஒன்னு இருக்கு, பளிச்சுன்னு இருக்குற இடத்தையும் இருட்டான இடத்தையும் ஒரே படத்துல நல்லா பிரிச்சுக் காட்டுற முறை, அந்த விஷயமும் இதேதான். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்தை மனசுல வெச்சு தயார் பண்றாங்க, நிட்ஸ்ங்குறது வெளிச்சத்தோட அளவு. பட்ஜெட் டிவி பல மாடல்ல 250ல இருந்து 350 நிட்ஸ் வரைக்கும்தான் வரும். அட்டைப்பெட்டில எச்டிஆர்னு போட்டிருந்தா அந்த சிக்னலை டிவி வாங்கிக்கும்னு அர்த்தம், அந்தப் படத்தை அதே மாதிரி காட்டிடும்னு அர்த்தம் இல்ல. சில பட்ஜெட் டிவில எச்டிஆர் படம் போட்டா சாதா படத்தை விட மங்கலாவே தெரியுறதுக்கு காரணம் இதுதான், பெரிய வெளிச்சத்தை சின்ன டப்பாக்குள்ள அமுக்க வேண்டியிருக்கு.

சரி, அப்ப எல்லாரும் காஸ்ட்லி டிவி வாங்கிடலாமா? இல்லவே இல்ல. வீட்டுல யாரு, எங்க உக்காந்து, எந்த நேரத்துல, என்ன பாக்குறாங்கன்னு பாக்காம வாங்கினா 75 ஆயிரமும் வீண்தான்.

சித்தப்பா வீட்டையே எடுத்துக்கலாம். அவரு ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, ஹால் 10க்கு 12, காலைல நியூஸ், சாயங்காலம் சித்திக்கு சீரியல், சீசன் வந்தா கிரிக்கெட், எல்லாமே கேபிள். ஓடிடி எப்பவாச்சும் பேரன் வந்தா. இதுல நாங்க முதல்ல பாத்தது டிவியை இல்ல, கேபிள் பாக்ஸை. அது பழைய எஸ்டி பாக்ஸ், அதாவது எச்டி இல்லாத சாதா பாக்ஸ். எஸ்டி சேனல்ல படம் மேல இருந்து கீழ 576 கோடுதான் வரும், 4கே டிவில 2160 வரிசை இருக்கு. அதாவது வந்த ஒரு கோட்டை கிட்டத்தட்ட நாலு வரிசைக்கு இழுத்து நிரப்பணும், அந்த நடுவுல இருக்குறதை டிவிக்குள்ள இருக்குற சிப்பு ஊகிச்சுதான் போடுது. காஸ்ட்லி டிவில அந்த சிப்பு நல்லா இருக்கும், ஊகம் கொஞ்சம் சுத்தமா இருக்கும், ஆனா வராத விவரத்தை எந்த சிப்பாலயும் கொண்டு வர முடியாது. 2006ல இருந்து குடுத்தாங்களே இலவச கலர் டிவி, அந்த 14 இஞ்ச்ல இதே கேபிள் எவ்ளோ பளிச்சுன்னு இருந்துச்சுன்னு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த சின்ன ஸ்கிரீனுக்கு அந்த கோடு போதும். அதையே 55 இஞ்சுக்கு இழுத்தா மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆயிடும், அப்புறம் "இவ்ளோ காசு போட்டும் படம் சரியில்லையே"ன்னு டிவியைத் திட்டுவோம். அதனால கேபிள் வீடா இருந்தா முதல் செலவு எச்டி பாக்ஸ், அப்புறம்தான் டிவி.

அடுத்தது தூரம், இதை ஒரு இஞ்ச் டேப் எடுத்து அளந்தே பாத்துடுங்க. நல்ல கண்பார்வை இருக்குற ஒருத்தர் 43 இஞ்ச் டிவியை சுமாரா அஞ்சரை அடிக்கு மேல தள்ளி உக்காந்து பாத்தா ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுறது கஷ்டம், 55 இஞ்சுன்னா அது 7 அடி. நம்ம ஊர் ஹால்ல சோபா சுவத்தை ஒட்டிப் போட்டிருப்போம், எதிர் சுவத்துல டிவி, நடுவுல 8, 9 அடி வந்துடும். அவ்ளோ தூரத்துல 43 இஞ்ச் 4கே டிவி வாங்குறதுல தப்பில்ல, இப்ப அந்த சைஸ்ல பெரும்பாலும் 4கேதான் கிடைக்குது, ஆனா நல்லா தெரியணும்னா சைஸைக் கூட்டுறதுதான் வழி. என்னைக் கேட்டா 8 அடிக்கு 55 தாராளமா வெக்கலாம், கண்ணு கெட்டுடும்னு பயப்பட வேண்டாம். சித்தப்பா வீட்டுல டிவி வெக்குற இடம் பீரோவுக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவுல, அங்க 43க்கு மேல போகாது, அதோட முடிஞ்சுது.

இப்ப பேனல் வகை. எல்சிடில ரெண்டு குடும்பம் இருக்கு, விஏ, ஐபிஎஸ். விஏ பேனல்ல அந்த ஜன்னல் கதவு நல்லா இறுக்கி மூடும், வெள்ளைக்கும் கருப்புக்கும் வித்தியாசம் 3000 மடங்குக்கு மேல வரும், ஐபிஎஸ்ல 1000 மடங்கு கிட்டதான். படிச்சுட்டு வர்ற பசங்க எல்லாரும் உடனே விஏ தான் பெஸ்ட்னு சொல்லுவாங்க, நேரா எதிர்ல உக்காந்து பாத்தா உண்மையும் அதுதான். ஆனா விஏ பேனலை பக்கவாட்டுல இருந்து பாத்தா கலர் வெளிறிடும், மூஞ்சி எல்லாம் பவுடர் அப்பின மாதிரி ஆயிடும். எங்க சித்தி டிவி பாக்குறது எங்க இருந்து தெரியுமா, சமையக்கட்டு வாசப்படில மணை போட்டு உக்காந்து, கீரையை ஆஞ்சுக்கிட்டே, டிவிக்கு நல்லா சைடுல. அவங்களுக்கு ஐபிஎஸ் தான் சரி, ராத்திரி சீன்ல கருப்பு கொஞ்சம் சாம்பலா இருந்தா பரவால்ல. ஸ்பெக் ஷீட்டுல இதை பல கம்பெனி போடுறதில்ல, ஒரே மாடல்ல கூட வேற வேற பேனல் வர்றது உண்டு. அதனால கடைக்குப் போனா டிவிக்கு முன்னாடி நின்னுட்டு அப்படியே பக்கவாட்டுல நாலு அடி நடந்து போங்க, திரைல இருக்குற மனுஷனோட தோல் நிறத்தை மட்டும் பாருங்க, அது எங்க வெளுக்குதுன்னு தெரிஞ்சுடும்.

கடைன்னு சொன்னதும் இன்னொன்னு சொல்லணும். நாங்க டி.நகர்ல ஒரு கடைக்குப் போனோம், எல்லா டிவிலயும் பூ, மீனு, பழத்துல தண்ணி சொட்டுறதுன்னு ஒரே 4கே டெமோ ஓடுது, எல்லாமே அழகா இருக்கு. கடைல டிவியை பெரும்பாலும் விவிட் மோட்ல, வெளிச்சத்தை உச்சத்துல வெச்சிருப்பாங்க, மேல கண்ணைப் பறிக்குற டியூப்லைட் வெளிச்சத்துல அதுதான் எடுப்பா தெரியும். நான் ஒரு பென்டிரைவ்ல மூணு விஷயம் போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன்: மழை பெய்யுற ஒரு ராத்திரி சீன், வெறும் வெளிர் சாம்பல் கலர்ல ஒரு படம், அப்புறம் கீழ எழுத்து ஓடுற ஒரு நியூஸ் கிளிப். விற்பனைப் பையன் முதல்ல தயங்கினாரு, தம்பி அஞ்சு நிமிஷம்தான்னு கேட்டதும் போட்டுக் காட்டினாரு, மோடையும் ஸ்டாண்டர்டுக்கு மாத்த சொன்னோம். அந்த சாம்பல் படத்துல ஒரு டிவிக்கு மூலைல அழுக்குத் துணில தொடச்ச மாதிரி திட்டு திட்டா தெரிஞ்சுது, இன்னொன்னுல ராத்திரி சீன் போட்டா மரமும் ஆளும் ஒன்னா கலந்துடுச்சு. பூவும் மீனும் மட்டும் பாத்திருந்தா இது எதுவுமே தெரிஞ்சிருக்காது.

கிரிக்கெட்டுக்கு 120 ஹெர்ட்ஸ் வேணும்னு சொல்லி விலை ஏத்துவாங்க, ஹெர்ட்ஸ்ங்குறது ஸ்கிரீன் நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாத்தும்ங்குற கணக்கு. நம்ம நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு அதிகபட்சம் 50 படம்தான், அதுக்கு சாதா 60 ஹெர்ட்ஸ் பேனல் போதும். பந்து பின்னாடி வால் மாதிரி இழுக்குறது பேனலோட வேகத்தைப் பொறுத்த விஷயம், காஸ்ட்லி டிவில அது நிஜமாவே குறைவு, ஆனா வருஷத்துக்கு ரெண்டு மாசம் சேப்பாக்கம் மேட்ச் பாக்குறதுக்காக மட்டும் இருபதாயிரம் கூடக் குடுக்குறது எனக்கு சரியாப் படல. வீட்டுல பசங்க பிஎஸ்5 கேம் பாக்ஸ்ல விளையாடினா அது வேற கணக்கு, அதோட முழு வேகம் கிடைக்கணும்னா நிஜ 120 ஹெர்ட்ஸ் பேனலும் எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேணும். மோஷன் ரேட் 120ன்னு போட்டிருக்குறதை பேனல் 120ன்னு நம்பிடாதீங்க.

ஸ்மார்ட் வேகத்துக்காகவும் கூடக் காசு குடுக்க வேண்டாம். பட்ஜெட் டிவில ரேம் கம்மி, ரெண்டு மூணு வருஷத்துல ஆப் திறக்க நேரம் எடுக்கும், அப்ப ஓடிடி ஆப் ஓடுற ஒரு ஸ்டிக்கைத் தனியா வாங்கி சொருகிட்டா முடிஞ்சுது. பேனலை அப்படி மாத்த முடியாது. சத்தமும் இதே மாதிரிதான், டிவி மெலிசாக மெலிசாக ஸ்பீக்கருக்கு இடமே இல்ல, விலை கூடின டிவிலயும் வசனம் குழம்பத்தான் செய்யுது, வயசானவங்க இருக்குற வீட்டுல இது பெரிய தொந்தரவு. டிவில ஒரு ஆறாயிரம் ஏழாயிரம் மிச்சம் பண்ணி ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்கி டிவி சத்தத்தை வெளிய அனுப்புற எச்டிஎம்ஐ ஆர்க் போர்ட்ல மாட்டினா ரொம்ப நிம்மதி.

காஸ்ட்லி டிவி யாருக்கு? என் ஃப்ரெண்டு பெரும்பாக்கத்துல ஃபிளாட்ல இருக்கான், ஐடி வேலை, வேலை முடிஞ்சு ராத்திரி பதினொன்னு மணிக்கு ஜன்னல் ஸ்கிரீன் எல்லாம் இழுத்து விட்டுட்டு, லைட்டை அணைச்சுட்டு படம் பாக்குறவன், ஓடிடில 4கே பிளான் வெச்சிருக்கான், நெட் லைனும் நல்ல வேகம். அவன் 55 இஞ்ச் மினி எல்இடி வாங்கினான், எழுபதாயிரத்துக்கு மேல ஆச்சு. அவன் வீட்டுல ஒரு ராத்திரி படம் பாத்தேன், காட்டுக்குள்ள ஒரே ஒரு தீப்பந்தம், அந்த தீ மட்டும் எரியுது, சுத்தி இருக்குற இருட்டு நிஜ இருட்டு, இலையோட விளிம்பு வரைக்கும் தெரியுது. அதே படத்தை என் வீட்டு டிவில பாத்தப்ப அந்தக் காடே எனக்குத் தெரியல. கிட்டப் போய் பாத்தா வெள்ளை சப்டைட்டில் எழுத்தைச் சுத்தி லேசா ஒரு ஒளிவட்டம் இருக்கு, ஏன்னா ஒரு பகுதிக்கு ஒரு சுவிட்ச், எழுத்தோட சேத்து பக்கத்து இருட்டும் கொஞ்சம் எரியுது. ஓலெட்ல அது கூட இருக்காது. அவனுக்கு அந்தக் காசு ஒவ்வொரு ராத்திரியும் திரும்பக் கிடைக்குது, தாராளமா குடுக்கலாம்.

ஆனா ஓலெட்டை நாள் பூரா நியூஸ் ஓடுற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். நம்ம நியூஸ் சேனல்ல மூலைல லோகோ, கீழ ரெண்டு வரி பட்டை, ஓரத்துல ஒரு கட்டம்னு அசையாம நிக்குற விஷயம் நிறைய, வருஷக்கணக்குல அதே இடத்துல எரிஞ்சா அந்தத் தடம் ஸ்கிரீன்லயே பதிஞ்சு போற அபாயம் இருக்கு. பகல்ல ஜன்னல் வெயில் நேரா அடிக்குற ஹாலுக்கும் நல்ல வெளிச்சம் குடுக்குற எல்சிடிதான் பொருத்தம்.

விலைப் பக்கம் ரெண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இஞ்சுக்கு மேல இருக்குற டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு, 32 வரைக்கும் ஏற்கனவே 18தான், அதனால வரிக்காக சின்ன டிவியோட நிக்கணும்னு இப்ப அவசியம் இல்ல. அடுத்தது, பெரிய பிராண்டோட ஆரம்ப மாடலும் புது பிராண்டோட நடுத்தர மாடலும் ஒரே விலைல நிக்கும், அங்க பேருக்கும் சர்வீஸுக்கும் காசு குடுக்குறோமா, பேனலுக்குக் குடுக்குறோமான்னு யோசிங்க. சர்வீஸுக்குக் குடுக்குறதும் தப்பில்ல, உங்க ஏரியாவுக்கு ஆள் வர எத்தனை நாள் ஆகும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. என் மனசுக்குப் பிடிச்ச வழி போன வருஷ நடுத்தர மாடலை ஆடி, ஆயுத பூஜை, ஜனவரி 1 மாதிரி சேல்ல புடிக்குறதுதான். நோ காஸ்ட் இஎம்ஐல போனா பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜிஎஸ்டின்னு ஒரு தொகை தனியா வருதான்னு கேட்டுடுங்க. கரண்ட்டுக்கு பயப்பட வேண்டாம், 43 இஞ்ச் சுமாரா 80 வாட்னு வெச்சாலும் தினம் அஞ்சு மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்துல 24 யூனிட்தான்.

வாரண்டில பேனலுக்கு எத்தனை வருஷம்னு தனியா கேளுங்க, ஏன்னா டிவில அதிக விலை பேனலுக்குத்தான், அது போனா மாத்துற செலவுக்கு கிட்டத்தட்ட புது டிவியே வாங்கிடலாம். ஸ்கிரீன் உடைஞ்சா வாரண்டில வராது, அதனால பெட்டியை டெக்னீஷியன் வந்த அப்புறம் அவர் முன்னாடியே பிரிச்சு மொபைல்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. மழைக்காலத்துல ஓதம் ஏறுற சுவத்துல மாட்டாதீங்க. இடி மின்னல்னா பிளக்கோட சேத்து கேபிள் வயரையும் கழட்டி விடுங்க, நிறைய பேரு பிளக்கை மட்டும் எடுத்துட்டு அந்த வயரை விட்டுடுறாங்க, அது வழியாவும் அடி வரும்.

சித்தப்பாவுக்கு கடைசில 43 இஞ்ச், பக்கவாட்டுல வெளுக்காத ஒரு பேனல், 26 ஆயிரத்துக்கு வாங்கினோம், கூட எச்டி பாக்ஸும் ஒரு சின்ன சவுண்ட்பாரும். மாட்டிட்டு ஆள் போனதும் நான் செட்டிங்ஸ்க்குள்ள போய் விவிட்டை ஸ்டாண்டர்டுக்கு மாத்தி, பேக்லைட்டை 100ல இருந்து 65க்கு இறக்கினேன். பழைய டிவில பத்து வருஷமா அது 100லயே எரிஞ்சுட்டு இருந்துச்சு, முழு வெளிச்சத்துல ஓட ஓட சூடு கூடி அந்த எல்இடி சீக்கிரம் போறதுக்கு வாய்ப்பு அதிகம். முதல்ல டல்லா இருக்கேன்னாரு சித்தப்பா. ரெண்டு நிமிஷம் பாருங்க, கண்ணு பழகிடும்னேன். அதுக்குள்ள சீரியல் டைம் ஆயிடுச்சு, சித்தி வாசப்படில மணையைப் போட்டு உக்காந்து கீரைக்கட்டைப் பிரிச்சாங்க, அங்க இருந்தே ஒரு நிமிஷம் பாத்துட்டு, "இந்தப் பொண்ணு பச்சைப் புடவையா கட்டியிருக்கா, நான் இத்தனை நாளா நீலம்னுல நெனச்சேன்"ன்னாங்க.